இரவல் மூக்கு

அவருடைய முகத்தில் எடுப்பாக இருந்தது மூக்குத்தான். நீளமான, நேரான, நல்ல மூக்கு. ஆனால் கண்ணாடியைத் தாங்குவதைத் தவிர அது வேறு வேலை எதுவும் செய்யவில்லை. பால் புளித்ததோ, மீன் பழுதானதோ, அடுப்பில் கறி அடிப்பிடித்ததோ அவருக்குத் தெரியாது. மல்லிகைப்பூவும் தெரியாது, சாக்கடையும் தெரியாது.

பலெர்மோவில் துறைமுகத்துக்குக் கிட்ட, போர்கோ வெக்கியோவில் ஒரு பழைய கட்டடம். அவரும் மனைவியும் மூன்றாம் மாடி, நான் இரண்டாம் மாடி. நான் குடிவந்த மறுநாளே கதவைத் தட்டினார். கையில் ஒரு பால் பெட்டி.

“தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ. இதை ஒருக்கா மணந்து சொல்லுங்கோ. பழுதாப் போச்சோ?”

என் பெயரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்து ஆள் ஒருவர் ஊரைக் கேட்காமல் கதைத்தது எனக்கு அதுதான் முதல் தடவை. மணந்து பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு என்றேன். “வடிவாத் தெரியுமோ?” என்று இன்னொரு தடவை மணக்க வைத்தார். படியேறிப் போனவர் பாதியில் நின்று திரும்பினார்.

“உங்களுக்குத் தடிமன், மூக்கடைப்பு ஒண்டும் இல்லைத்தானே?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அவர் விஷயத்தில் எனக்கு எப்போதும் அவை இரண்டும் சோடியாகத்தான் வந்தன.

கட்டடத்தில் அவருக்கு மூக்கு இரவல் கொடுக்காத ஆள் இல்லை. எதிர்வீட்டுச் சிசிலிக்காரி கொடுத்தாள். கீழே சந்தையில் மீன் விற்கிறவன், கையிலிருந்த கத்தியோடு குனிந்து அவருடைய சட்டையை மணந்து பார்த்துச் சொல்வான். எங்களுடைய ஆட்கள் அவரை மூக்கர் என்று பட்டம் வைத்துக் கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் ஓம் என்று திரும்பிப் பார்ப்பார்.

இவ்வளவும் எதற்கு என்றால், மேலே அக்கா இருந்தார்.

அவருடைய மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். இவருடைய மூக்கு எவ்வளவுக்குச் செத்துப் போயிருந்ததோ, அக்காவினுடையது அவ்வளவுக்கு விழித்துக்கொண்டு இருந்தது. படிக்கட்டை யாரும் கந்தெஜ்ஜினா ஊற்றிக் கழுவினால், அந்த வெளுப்புத் தண்ணீரின் நெடி மூன்று மாடி ஏறிப்போய் அக்காவுக்குத் தலையிடியாகும். பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் உடுப்பின் சோப்பு, யாரோ பூசிக்கொண்டு போன சென்ட், புதுச் செருப்பு, அச்சு மை காயாத விளம்பரத் தாள், எதுவும் ஆகாது. தொண்டை இறுகும். கண் வீங்கும். பிறகு இரண்டு நாள் படுக்கை. டொக்டர் பெண்மணி ஒருத்தி அக்காவுக்கு இரசாயனங்கள் ஒத்துக்கொள்வதில்லை என்றும், மருந்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை, விலகி இருப்பதுதான் வழி என்றும் சொல்லியிருந்தாள்.

ஆகவே அவர் வாசலில் நின்று ஆட்களைச் சோதித்துத்தான் உள்ளே விடுவார். “இண்டைக்குத் தலைக்கு என்ன போட்டனீங்கள்? உடுப்புக்கு என்ன சோப்பு?” பெண்களிடம் ஓர் ஆம்பிளை கேட்கிற கேள்வியா இது? ஒரு நாள் வெந்தயக் குழம்பு கொண்டுபோன என்னை, ஷாம்பு புதிது என்று அறிந்து, குழம்பை மட்டும் வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பிவிட்டார். மூன்று நாள் நான் முகங்கொடுத்துக் கதைக்கவில்லை. நாலாம் நாள் கழுவிய சட்டியோடு வந்து, ஒன்றும் நடக்காதது போல, “தங்கச்சி, இந்தப் பருப்பு புழுத்த மணம் அடிக்குதோ?” என்றார். மணந்து பார்த்துச் சொன்னேன். வேறு என்ன செய்வது?

ஒரு சித்திரை மாதம், கீழ்வாசலில் அறிவித்தல் ஒட்டினார்கள். ஒக்டோபரில் கட்டடத்தைச் சுற்றிச் சாரம் கட்டி, வெளிச்சுவரும் படிக்கட்டும் சுரண்டி, பூசி, பெயின்ட் அடிக்கப் போகிறார்கள். ஆறு மாத வேலை. நாங்கள் எல்லோரும் தூசியைப் பற்றி முறைப்பட்டோம். அவர் அந்தத் தாளின் முன்னால் நெடுநேரம் நின்றார். ஆறு மாதம் பெயின்ட் நெடிக்குள் அக்கா உயிரோடு இருக்க மாட்டார் என்பது அவருக்குத் தெரியும்.

வேறு வீடு தேடினார். வாடகைக்கு விடுகிற வீடுகளுக்கு முதல் வேலையாகப் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். அடிக்காத வீடுகளில் முன்னால் இருந்தவர்களின் சிகரெட் சுவரில் ஊறியிருந்தது. ஏறி இறங்கிக் களைத்துப்போய், கடைசியில் ஒரு ரூலொத் வாங்கினார். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகிற சக்கர வீடு. அதுவும் பெட்டி உடைக்காத புதிது. பழையதை ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன்.

“பழசிலை ஆர் படுத்தவை, என்ன பூசினவை எண்டு எனக்கென்ன தெரியும்? புதுசு எண்டால் ஒருத்தற்ரை மணமும் இருக்காது.”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒரேத்தோ ஆற்றுப் பக்கம் ஒரு சிசிலிக் கிழவனாருக்கு எலுமிச்சைத் தோட்டம் இருந்தது. மரங்களுக்குத் தண்ணீர் பாய்ச்சித் தருவதாகச் சொல்லி, வேலியோரம் ரூலொத்தை நிறுத்த இடம் வாங்கினார்.

வைகாசியில் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினார்கள். சக்கரம் இருந்தாலும் வீடு வீடுதானே. சாம்பிராணி இல்லை, கற்பூரம் இல்லை, பெண்கள் சென்ட் பூசக்கூடாது என்று முதலே கட்டளை. ஒரு தேங்காயெண்ணெய் விளக்கு மட்டும். உள்ளே மெத்தை, இருக்கை எல்லாம் பொலித்தீன் உறையோடு இருந்தன. புதுச் சாமான் அழுக்காகக்கூடாதே என்று அவர் கழற்றவில்லை. நாங்கள் அதன்மேல் சரசரவென்று உட்கார்ந்தோம். அக்கா தூரத்தில் மரத்தடியில் காத்திருந்தார். அவரோ உள்ளே எங்கள் ஒவ்வொருவரிடமாக வந்து கேட்டார்.

“மணக்குதோ? வடிவா மணந்து சொல்லுங்கோ.”

“ஒரு மணமும் இல்லை அண்ணை. அருமையா இருக்கு.”

ஏழெட்டுப் பேர் இருந்தோம். ஏழெட்டுப் பேரும் அதையே சொன்னோம். எனக்கு மணந்தது. அலுமாரியைத் திறந்தபோது பசையும் பலகையும் புது றப்பரும் கலந்த ஒரு காட்டமான நெடி வந்து கண்ணைக் கரித்தது. ஆனால் பால் பொங்கி வருகிற நேரத்தில், புதுவீட்டுக்குள் நின்றுகொண்டு, நாற்றம் அடிக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? எங்களுடைய ஆட்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. “ஒண்டும் இல்லை அண்ணை,” என்றேன்.

அக்காவைக் கையில் பிடித்துக் கூட்டி வந்தார். அக்கா உள்ளே ஏறி, சின்ன யன்னல் சீலையைத் தொட்டுப் பார்த்து, “நல்ல வடிவா இருக்கு இஞ்சேருங்கோ,” என்றார். ஐந்து நிமிடம் இருக்காது. கை தொண்டைக்குப் போனது. முகம் எங்கள் கண் முன்னாலேயே வீங்கியது. தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் கிடத்தினோம். மூச்சு விசிலடித்தது. அம்புலன்ஸ் வந்தது. காய்ச்சிய பாலை ஒருவரும் குடிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். அன்று பின்னேரம் அவர் என் கதவைத் தட்டினார். கையில் பால் பெட்டி இல்லை.

“தங்கச்சி, உண்மையைச் சொல்லுங்கோ. அண்டைக்கு உங்களுக்கு மணந்ததோ?”

“ஓம் அண்ணை.”

“பேந்து ஏன் சொல்லேல்லை?”

“நல்ல நாள்... எப்பிடிச் சொல்லுறது?”

அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். அவருடைய வாழ்நாள் சேமிப்பு அந்த ரூலொத்தாகத் தோட்டத்தில் நின்றது. ஒக்டோபருக்கு நாலு மாதம் இருந்தது.

“நல்ல நாள் பாத்தது காணும், இனி வேண்டாம். வியாழக்கிழமையில உங்களுக்குப் பின்னேரம் லீவுதானே? மூக்கைக் கொண்டு வாங்கோ,” என்றார்.

நான் லிபெர்த்தா வீதியில் ஒரு சிஞ்ஞோராவின், ஓர் இத்தாலிய எசமானியின், வீட்டில் துப்புரவு வேலை செய்தேன். வியாழன் பின்னேரம் எனக்கு ஓய்வு. ஆனால் அவர் வைத்த நிபந்தனை, வியாழன் காலையில் நான் கந்தெஜ்ஜினா தொடக்கூடாது என்பது. தொட்டால் மூக்கு மரத்துப்போகுமாம். சிஞ்ஞோராவிடம், வியாழனில் கந்தெஜ்ஜினாவுக்குப் பதில் வினாகிரிதான் ஊற்றிக் கழுவுவேன் என்றேன். குளியலறை சலாது மாதிரி மணக்கிறது என்று அவள் கத்தினாள். கத்தட்டும் என்று விட்டுவிட்டேன். என் வாயால் வந்த வினையை நானே கழுவத்தான் வேண்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம் வந்திருந்தது.

முதல் வியாழன், கத்தியை எடுத்துப் பொலித்தீன் உறைகளைக் கிழித்தோம். அதற்குள் அடைபட்டுக் கிடந்தது குபீரென்று வந்தது. நான் வெளியே ஓடினேன். அவர் அந்த நெடிக்குள் ஆடாமல் அசையாமல் நின்று, “கடுமையோ? கனக்கவோ?” என்று கேட்டார். மெத்தைகளை வெயிலில் போட்டோம். சீலைகளைக் கழற்றி அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டோம். அலுமாரிப் பலகைகளின் வெட்டு விளிம்புகளிலிருந்துதான் நெடி அதிகம் வருகிறது என்று என் மூக்கு கண்டுபிடித்தது. அவர் சமையல் வெள்ளித்தாளை வெட்டி வெட்டி ஒவ்வொரு விளிம்பையும் மூடினார். சாப்பாட்டுப் பார்சலுக்குள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

என் வாயை அவர் பிறகு நம்பவில்லை. உள்ளே பத்து நிமிடம் உட்கார வைத்து, எதிரே இருந்து என் கண்ணைப் பார்ப்பார். எத்தனை தடவை இமைக்கிறேன், எப்போது நீர் கட்டுகிறது என்று கவனிப்பார். இன்னொருத்தியின் புருசன் இப்படிப் பார்த்தால் வேறு இடத்தில் செருப்பு எடுத்திருப்பேன். இங்கே பாவமாக இருந்தது.

ஆடி மாதம் சிரொக்கோ வந்தது. ஆபிரிக்காவிலிருந்து மண்ணோடு வரும் சுடுகாற்று. பலெர்மோ முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு அதைத் திட்டியது. அவர் மட்டும் கோயில் திருவிழாவுக்குப் போகிறவர் மாதிரிப் புறப்பட்டார். ரூலொத்தின் கதவு, யன்னல், கூரை மூடி எல்லாம் இறுக்கிச் சாத்திப் பகல் முழுக்க வேகவிட்டு, வெயில் தாழ எல்லாவற்றையும் திறந்துவிடுவார். சூட்டில் வெந்து வெளியே வருகிற நஞ்சு அவ்வளவும் நாளைக்கு வராத நஞ்சு என்பது அவருடைய கணக்கு. நெற்றி வேர்வையோடு எலுமிச்சை நிழலில் இருந்து அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்படி ஒரு நாளில்தான், மூக்கு எப்படிப் போனது அண்ணை என்று கேட்டேன்.

“கரொட்செரியாவிலை. காருக்குப் பெயின்ட் விசிறுற வேலை. பதினொரு வருசம். மாஸ்க் போட்டால் மூச்சு முட்டுது எண்டு போடேல்லை. ஒரு நாள் பாத்தால், தின்னர் போத்தலைத் திறந்தும் ஒண்டும் மணக்கேல்லை. நான் என்ன செய்தனான் தெரியுமோ? சந்தோசப்பட்டனான். இனி நெடி இல்லை எண்டு.”

விழுந்து கிடந்த எலுமிச்சங்காய் ஒன்றை எடுத்துக் கையில் உருட்டினார். பிறகு சொன்னார்.

“அந்த உடுப்பை ஒவ்வொரு நாளும் வீட்டை கொண்டு வந்தனான். அவ கையாலை தோய்ச்சவ. என்ரை மூக்கு செத்துப் போச்சு, எனக்குத் தெரியேல்லை. அவவுக்குத் தெரிஞ்சிருக்கும். சொல்லேல்லை.”

அதனால்தான் வந்தது என்று டொக்டர் சொன்னாவா என்றேன்.

“இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் எண்டவ. அது டொக்டருக்கு. எனக்கு அப்பிடி இல்லை.”

ஓகஸ்ட் தொடக்கத்தில் என் கண் கரிப்பு நின்றுவிட்டது. ஆனால் என் மூக்கு வேறு, அக்காவின் மூக்கு வேறு. அக்காவை உள்ளே ஏற்றிச் சோதித்துப் பார்க்கவும் முடியாது. ஆகவே அக்காவிடம் இருந்த பழைய நூல்சேலை ஒன்றை, சோப்பில்லாமல் தோய்த்து இரண்டாகக் கிழித்தார்கள். ஒரு பாதியை ஒரு நாள் முழுக்க ரூலொத்துக்குள் தொங்கவிடுவோம். மற்றப் பாதி வீட்டுப் பல்கனியில் தொங்கும். ரூலொத் பாதியை மூடி போட்ட ஒரு சில்வர் சட்டிக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டு வருவேன். அங்கே மற்றப் பாதியையும் அதே மாதிரி இன்னொரு சட்டியில் போட்டு, இரண்டையும் அவர் கையில் கொடுப்பேன். எதற்குள் எது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

“எனக்கும் சொல்லாதேங்கோ. என்ரை முகத்தைப் பாத்து அவ பிடிச்சிடுவா. எனக்காகப் பொய்யும் சொல்லுவா,” என்றார். என் முகமும் நம்பிக்கைக்கு உரியதல்ல என்று என்னை அடுப்படிக்கு அனுப்பி, குசினிக்குள் நிற்க வைத்தார்.

அக்கா பல்கனியில் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு சட்டியாகத் திறந்து மணப்பார். ஓகஸ்ட் முழுக்க ஒரு வியாழன்கூடத் தவறவில்லை. முதல் தடவை மூடியைத் திறந்த உடனேயே தள்ளிவிட்டார். பிறகு பிறகு கொஞ்சம் யோசித்தார். ஆனால் ஒவ்வொரு தடவையும், “இதுதான் அந்தப் பெட்டியின்ரை,” என்று சரியாகக் காட்டினார். நான் குசினியிலிருந்து சரி என்பேன். அவர் சட்டிகளைக் கழுவப் போவார். மனைவி ஒவ்வொரு கிழமையும் பரீட்சையில் பாஸ் பண்ண, அதற்காகத் துக்கப்பட்ட மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

செப்டம்பர் முதல் வியாழன், அக்கா இரண்டையும் மாறி மாறி மணந்தார். நெடுநேரம் எடுத்தார். “இது,” என்று ஒன்றைத் தொட்டார். எது என்று அவர் குரல் கொடுத்தார்.

“இரண்டாஞ் சட்டி.”

“அது பல்கனி!” என்று நான் குசினியிலிருந்து கத்தினேன்.

“பிழை! பிழை விட்டிட்டா!” அவர் கையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குள் ஓடி வந்தார். ஐம்பது வயது தாண்டிய மனிதர். எதிர்வீட்டுச் சிசிலிக்காரி என்ன நடந்தது என்று எட்டிப் பார்த்தாள். அக்கா பல்கனியில் இருந்தபடியே சிரிக்கிறார், அழுகிறார். நானும் அழுதேன், ஒளிக்க என்ன இருக்கிறது. பால் காய்ச்சிய நாளிலிருந்து நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தது அன்றைக்குத்தான் கரைந்தது.

ஒரு தடவை பிழை விட்டது போதாது என்று இன்னும் இரண்டு வியாழன் பார்த்தார். இரண்டிலும் அக்கா, “இரண்டும் ஒண்டுதான், எனக்குத் தெரியேல்லை,” என்றார். மாதக் கடைசியில் சாரத்துக்கான இரும்புக் குழாய்கள் வாசலில் வந்து இறங்கின. மறுநாள் காலையில் அக்காவை ரூலொத்துக்குக் கூட்டிப் போனோம். நல்ல நேரம் பார்க்கவில்லை. பாலும் காய்ச்சவில்லை. அக்கா ஏறி உட்கார்ந்தார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். அவர் கீழே நின்று அக்காவின் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். அரை மணித்தியாலம் கழித்து அக்கா, “என்னை இப்பிடிப் பாத்துக்கொண்டு நிண்டால் எப்பிடிப் படுக்கிறது?” என்று அதட்டினார். பிறகு அந்தப் பாதிச் சேலையை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்து, நித்திரையாகிப்போனார். இரண்டு வருடமாக அக்கா பகலில் அப்படி நிம்மதியாகத் தூங்கி நான் பார்த்ததில்லை.

கட்டட வேலை முடிந்தும் அவர்கள் திரும்பி வரவில்லை. கொஞ்சக் காலத்தில் ரூலொத்தை இழுத்துக்கொண்டு, கடலோரம் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். இப்போது என் கதவை யாரும் பால் பெட்டியோடு தட்டுவதில்லை. நான் இன்னும் வினாகிரிதான் ஊற்றுகிறேன், எல்லா நாளும்.

ஆனால் எனக்கு அவர் என்றால் நினைவுக்கு வருவது அக்கா தூங்கிய அந்தப் பகல்தான். அக்கா எழும்பி முகம் கழுவப் போன பிறகு, அக்கா தலைக்கு வைத்திருந்த சேலைத் துண்டை எடுத்துக்கொண்டு அவர் எலுமிச்சை மரத்தடிக்கு வந்தார்.

“தங்கச்சி, இதை ஒருக்கா மணந்து சொல்லுங்கோ.”

வாங்கி மணந்தேன். “பசை இல்லை அண்ணை. பலகை நெடி இல்லை. சத்தியமா ஒண்டும் இல்லை.”

“அது தெரியும். வேறை?”

“வேறை என்ன?”

அவர் நிலத்தைப் பார்த்தார். “கெட்ட மணம் கேக்கேல்லை. என்ன மணக்குது எண்டு சொல்லுங்கோ.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை மாதமும் எத்தனை பேரிடம் எத்தனை மணம் கேட்டிருப்பார். இதை ஒருவரிடமும் கேட்டிருக்க மாட்டார். நான் துணியை மறுபடி முகத்தில் வைத்து, அவசரப்படாமல் மணந்தேன்.

“வெயில் மணம் இருக்கு. பச்சைத் தண்ணியிலை தோய்ச்ச நூல் மணம். நித்திரை கொண்ட ஆளின்ரை சூடு. கழுத்து வேர்வை, கொஞ்சம். ஊறவைச்ச அரிசியைக் களைஞ்சால் ஒரு மணம் வருமே அண்ணை, கொஞ்சம் இனிப்பா? அது. அதுதான் கூட.”

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நீள மூக்கின் ஓரத்தால் நீர் இறங்கியது. துடைக்கவில்லை.

“ஓம். அரிசி,” என்றார். “கலியாணம் கட்டின நேரமும் அதுதான். மாறேல்லை.”

துணியை என் கையிலிருந்து வாங்கி நாலாக மடித்து, சில்வர் சட்டிக்குள் வைத்து, மூடியை இறுக்கி மூடினார்.